புண்ணின் நீரை ஆளும் பஞ்சு: கைட்டோசான் நுண்துளைக் கட்டு உருவாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் கட்டுப் போடும் அறையில், சில ஆண்டுகளுக்கு முன், ஒரு காலைப்பொழுது முழுவதும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். களக்காட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் படுத்திருந்தார். வாழைத்தார் வெட்டும்போது அரிவாள் கணுக்காலில் இறங்கிவிட்டது. சர்க்கரை நோயும் உண்டு. முந்தைய நாள் வைத்த காஸ் துணி காய்ந்து புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. செவிலியர் சலைனை ஊற்றி ஊற்றி நனைத்துவிட்டு, "அண்ணாச்சி, கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க" என்று சொல்லிக்கொண்டே துணியின் ஒரு முனையைத் தூக்கினார். "பைய தாயி, பைய" என்றார் அவர். துணி பிரிந்து வந்தபோது அதன் அடிப்பக்கத்தில் இளஞ்சிவப்பு இழைகள் ஒட்டியிருந்தன. அந்த உடல் பாடுபட்டு வளர்த்திருந்த புதுத்தசை, கட்டை மாற்றிய கையோடு பிய்ந்து வந்திருந்தது.

உயிர்ப்பொருள் ஆய்வுக்கு வரும் மாணவர்கள் பெரும்பாலும் "எந்த மூலிகையைச் சேர்க்கலாம், எந்த நானோ துகளைச் சேர்க்கலாம்" என்ற கேள்வியோடுதான் வருகிறார்கள். அந்த அறையில் நான் கற்றுக்கொண்டது வேறு. காயக்கட்டின் முதல் வேலை நீரை ஆள்வது. புண்ணிலிருந்து கசியும் நீரை உறிஞ்ச வேண்டும். ஆனால் புண்ணைக் காயவிடக் கூடாது. ஊறி வெளுக்கவும் விடக் கூடாது. 1962-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர், பன்றியின் தோலில் உண்டாக்கிய காயங்களைப் பாலிதீன் படலத்தால் மூடி ஈரமாக வைத்தபோது, காற்றில் காயவிட்ட காயங்களைவிட ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் புதுத்தோல் படர்ந்ததைக் காட்டினார். இன்றைய நவீனக் கட்டுகள் பலவும் அந்தக் கண்டுபிடிப்பின் வழிவந்தவைதாம். இறால் ஓட்டிலிருந்து பெறும் கைட்டோசானால் செய்யும் நுண்துளைப் பஞ்சும் அந்த வரிசையில் வருவதே. அதை ஆய்வகத்தில் உருவாக்கி, சோதித்து, ஒரு நோயாளியின் காலில் வைக்கத் தகுந்த நிலைக்குக் கொண்டுபோகும் வழியைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். வீட்டில் செய்து புண்ணில் வைத்துக்கொள்வதற்கான குறிப்பாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பொருளுக்கு முன் புண்

எந்தப் புண்ணுக்கு என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். இரத்தம் பீறிடும் வெட்டுக்காயமா, இரண்டாம் நிலைத் தீப்புண்ணா, மாதக்கணக்கில் ஆறாத சர்க்கரைப் புண்ணா, படுக்கைப் புண்ணா என்பதைப் பொறுத்தே பஞ்சின் எல்லாக் குணங்களும் அமையும். இரத்தத்தை நிறுத்தும் பஞ்சு சில நிமிடங்களில் வேலையை முடித்துவிட வேண்டும். சர்க்கரைப் புண்ணுக்கான பஞ்சோ இரண்டு மூன்று நாட்கள் புண்ணிலேயே கிடந்து, நீரைத் தாங்கி, பின் வலியில்லாமல் கழன்று வர வேண்டும். நீர் கசியாத வறண்ட புண்ணுக்குப் பஞ்சே பொருந்தாது.

புண் ஆறும் ஒழுங்கையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் இரத்தம் உறையும். அடுத்த சில நாட்கள் அழற்சி நடக்கும். ஏறத்தாழ நான்காம் நாளிலிருந்து மூன்று வாரம் வரை புதுத்தசையும் புது இரத்தக்குழாய்களும் வளரும். அதன்பின் தழும்பு உறுதிப்படும் வேலை ஓராண்டுக்கு மேலும் நீளும். ஆறாப் புண் என்பது பெரும்பாலும் அழற்சிக் கட்டத்திலேயே சிக்கிக்கொண்ட புண். அதன் கசிவுநீரில் கொலாஜனைச் சிதைக்கும் நொதிகள் மிகுந்திருக்கும். நல்ல தோல் சற்றே அமிலத்தன்மையோடு இருக்க, ஆறாப் புண்ணின் மேற்பரப்பு காரத்தன்மைக்கு நகர்ந்து, பி.எச். 7-க்கு மேல் போய்விடும். இந்த ஒரு செய்தியை மறந்தால் பின்னால் எப்படித் தவறு நேரும் என்பதை மருந்து பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

எனவே, முதல் படி ஆய்வகத்தில் தொடங்குவதில்லை. கட்டுப் போடும் அறையில் குறைந்தது ஒரு வாரம், செவிலியரின் அனுமதியோடு, நின்று பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை கட்டு மாற்றுகிறார்கள், எந்த இடத்தில் கட்டு நழுவுகிறது, நோயாளி எந்த ஊரிலிருந்து எத்தனை பேருந்து மாறி வருகிறார் என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். பாபநாசத்துக்கு மேலே மலையடிவாரத்திலிருந்து வருபவருக்கு, தினமும் மாற்ற வேண்டிய கட்டு எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் பயன்படாது.

எதிலிருந்து செய்வது

கொலாஜன், ஜெலட்டின், ஆல்ஜினேட், கைட்டோசான் ஆகிய நான்கும் பஞ்சுக்குப் பெரும்பாலும் எடுத்தாளப்படுபவை. கொலாஜன் நம் தோலின் சொந்தப் பொருள், செல்கள் அதில் எளிதாகப் பற்றும், விலை அதிகம். ஜெலட்டின் கொலாஜன் சிதைந்த வடிவம், மலிவானது, ஆனால் பிணைக்காமல் விட்டால் உடல் வெப்பத்திலேயே கரைந்துவிடும். ஆல்ஜினேட், மன்னார் வளைகுடாவில் விளையும் சர்காசம், டர்பினேரியா போன்ற பழுப்புக் கடற்பாசிகளிலிருந்து கிடைப்பது. நீரை நன்றாக உறிஞ்சிக் கூழாகும்.

நம் பக்கத்தில் தொடங்குபவருக்கு நான் கைட்டோசானையும் ஜெலட்டினையும் சேர்த்துச் செய்யச் சொல்வேன். கைட்டோசானின் நேர்மின்னூட்டம் இரத்தச் சிவப்பணுக்களை இழுத்துத் திரட்டும். கிருமிகளின் உறையையும் ஓரளவு குலைக்கும். ஜெலட்டின் செல்கள் பற்றிக்கொள்ள இடம் தரும். தூத்துக்குடியின் ஏற்றுமதி ஆலைகளில் இறாலின் தலையும் ஓடும் கழிவாகக் குவிவதால், கைட்டோசானின் மூலப்பொருளும் ஒரு மணி நேரப் பயணத்தில் கிடைத்துவிடுகிறது.

ஓட்டிலிருந்து கைட்டோசான்

ஓடு அன்றைக்கு உரித்ததாக இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வர வேண்டும். அழுகத் தொடங்கிய ஓட்டில், ஓட்டின் கட்டுமானப் பொருளான கைட்டினின் நீண்ட சங்கிலியை நுண்ணுயிர்கள் அறுத்துவிடும்; கிருமி நச்சும் ஏறிவிடும். கழுவி, வெயிலில் காயவைத்து, இடித்துச் சலித்த பின் மூன்று கட்டங்கள். அறை வெப்பத்தில் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் ஓட்டின் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். நுரை அடங்கும் வரை அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். நன்கு கழுவி, 1 நார்மல் காஸ்டிக் சோடாவில் 70, 80 டிகிரி வெப்பத்தில் சில மணி நேரம் வைத்தால் புரதம் போகும். எஞ்சுவது கைட்டின். அதை 50% காஸ்டிக் சோடாவில் 100 டிகிரி அளவில் சில மணி நேரம் வைக்கும்போது அசெட்டைல் தொகுதிகள் கழன்று கைட்டோசான் ஆகிறது. ஒரு கிலோ காய்ந்த ஓட்டுக்குக் கையில் வருவது 150, 200 கிராம் என்ற அளவில்தான் இருக்கும்.

சூடான 50% காரம் கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வை போய்விடும். முழுமுகக் கவசம் இல்லாமல் அதன் அருகே யாரையும் விடாதீர்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காரம் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். முதல் கட்ட அமிலக் கழிவையும் பின்கட்டக் காரக் கழிவையும், ஆறிய பிறகு, சிறிது சிறிதாகக் கலந்து நடுநிலைப்படுத்திய பின்னரே அகற்ற வேண்டும். நம் கழிவுநீர் கடைசியில் தாமிரபரணிக்குத்தான் போய்ச் சேர்கிறது. அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் எல்லோரும் குடிக்கிறோம்.

கிடைத்த கைட்டோசானில் நான்கைச் சோதிக்க வேண்டும்: அசெட்டைல் நீங்கிய அளவு (80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது நல்லது), பாகுநிலை, எஞ்சிய புரதம், கிருமி நச்சு. இறால் ஒவ்வாமை இறாலின் தசைப் புரதத்தால் வருவது. எனவே எஞ்சிய புரத அளவு நோயாளியின் பாதுகாப்புக் கேள்வி. கிருமி நச்சு எதிர்மின்னூட்டம் உடையது, கைட்டோசான் நேர்மின்னூட்டம் உடையது. இரண்டும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் கழுவி நீக்குவது மிகக் கடினம். இந்தக் காரணத்தாலேயே என் முடிவு இது: கற்றுக்கொள்ள ஓட்டிலிருந்து செய்யுங்கள், மனித உடலைத் தொடப்போகும் பஞ்சுக்கு, சான்றிதழோடு வரும் மருத்துவத் தரக் கைட்டோசானையே வாங்குங்கள்.

கரைசல்

100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 1 மில்லி அசெட்டிக் அமிலம் சேர்த்து, அதில் 2 கிராம் கைட்டோசானைத் தூவித் தூவிப் போட்டு, இரவு முழுவதும் கலக்கியில் ஓடவிடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் மாவுக்கட்டி போல உருண்டுவிடும்; உள்ளே கரையாமலே கிடக்கும். மறுநாள் நைலான் துணியில் வடிகட்டுங்கள். வேறொரு பாத்திரத்தில் 2 கிராம் ஜெலட்டினை 100 மில்லி நீரில் 45 டிகிரி வெப்பத்தில் கரைத்து, இரண்டையும் சம அளவில் கலக்குங்கள். வளையும் தன்மைக்காகச் சிறிது கிளிசரின் சேர்க்கலாம். மிகுந்தால் பஞ்சு பிசுபிசுக்கும். காற்றின் ஈரத்தையும் இழுக்கும்.

காற்றுக்குமிழ்கள் முழுவதும் போக வேண்டும். மையவிலக்கியில் சுற்றலாம், அல்லது வெதுவெதுப்பான நிலையிலேயே வெற்றிடத்தில் வைத்து இழுக்கலாம். குமிழோடு உறைந்த பஞ்சில் பொத்தல்கள் தெரியும், அங்கங்கே கிழியும்.

உறைய வைப்பதில்தான் பஞ்சு பிறக்கிறது

இந்த ஒரு படிக்கு நீங்கள் செலவிடும் பொறுமைதான் முழு வேலையின் தரத்தையும் முடிவு செய்யும். கரைசல் உறையும்போது நீர் தூய பனிப்படிகமாகப் பிரிகிறது. கைட்டோசானும் ஜெலட்டினும் படிகங்களுக்கு இடையே சுவர்களாக ஒதுக்கப்படுகின்றன. பின்னர் பனி ஆவியாகப் போனதும் படிகம் இருந்த இடம் துளையாகிறது. அதாவது, பஞ்சின் ஒவ்வொரு துளையும் ஒரு பனிப்படிகத்தின் அச்சு. மெதுவாக உறைந்தால் படிகம் பெரிதாக வளரும், துளையும் பெரிது. வேகமாக உறைந்தால் படிகங்கள் சிறிதாகவும் எண்ணற்றதாகவும் இருக்கும்; துளையும் சிறிது. மைனஸ் 20 டிகிரியில் உறைந்த பஞ்சையும் மைனஸ் 80 டிகிரியில் உறைந்த பஞ்சையும் அருகருகே வைத்து நுண்ணோக்கியில் பார்த்த மாணவர் யாரும் இதை மறப்பதில்லை.

தோல் வளர எந்த அளவு துளை வேண்டும் என்பதற்கு நல்ல அடிப்படை உண்டு. அமெரிக்காவில் அயனிஸ் யானஸ் குழுவினர் கொலாஜன் பஞ்சுகளில் செய்த ஆய்வுகள், 1989-இல் வெளியானவை, ஏறத்தாழ 20 முதல் 120 மைக்ரான் வரையிலான துளைகள் தோல் மீண்டு வளர உகந்தவை என்று காட்டின. மிகச் சிறிய துளைக்குள் செல் நுழையாது. மிகப் பெரிய துளையில் செல் பற்றிக்கொள்ளப் போதிய சுவர் இருக்காது. யானஸும் அறுவை மருத்துவர் ஜான் பர்க்கும் உருவாக்கிய கொலாஜன் செயற்கைத்தோல், கடுமையான தீப்புண்ணுக்காக 1996-இல் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது.

துளையின் அளவோடு திசையையும் நீங்கள் ஆளலாம். பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி உறைய வைத்தால் குளிர் எல்லாப் பக்கமிருந்தும் நுழைந்து, துளைகள் தாறுமாறாக அமையும். மேலே ஒரு தடித்த ஆடையும் படியும். நாங்கள் தட்டையான அடியுள்ள எவர்சில்வர் தட்டில் 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, சுற்றிலும் மேலேயும் தெர்மோகோல் வைத்து மூடி, அடிப்பக்கம் மட்டும் உறைபெட்டியின் உலோகத் தளத்தைத் தொடுமாறு வைத்தோம். குளிர் கீழிருந்து மட்டும் ஏற, பனியும் தூண் தூணாக மேல்நோக்கி வளர்ந்தது. உலர்ந்த பஞ்சைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நாணல் கட்டை நறுக்கியது போல நேர்க்குழாய்கள் தெரியும். புண்ணின் கசிவுநீர் இந்தக் குழாய்கள் வழியே நேராக மேலே ஏறும். பக்கவாட்டில் பரவி நல்ல தோலை ஊறவைப்பது குறையும்.

தட்டு சமதளத்தில் இருக்கிறதா என்று நீர்மட்டக் கருவியால் பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் கட்டின் தடிமன் மாறும். தடிமன் மாறினால் உறிஞ்சும் அளவும் மாறும். மாணவர்கள் பல வாரம் விளக்கம் தேடிய முரண்பட்ட அளவீடுகளுக்குக் காரணம் சாய்ந்த உறைபெட்டித் தட்டாக இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

உலர்த்துதல்

உறைந்த தட்டை உறைநிலை உலர்த்திக்கு மாற்றுங்கள். நீராவியின் அழுத்தம் 6.1 மில்லிபாருக்குக் கீழே இருந்தால்தான் பனி உருகாமல் நேரே ஆவியாகும், நடைமுறையில் 0.1 மில்லிபார் அளவில் ஓட்டுவோம். தளத்தை முதலில் மைனஸ் 40 டிகிரியில் வைத்து, பனி முழுவதும் போன பின் 25 டிகிரிக்கு மெதுவாக உயர்த்தலாம். 5 மில்லிமீட்டர் பஞ்சுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் போதாமல் இன்னும் சில மணி நேரம் பிடிக்கும். அசெட்டிக் அமில ஆவி பம்பின் எண்ணெயைக் கெடுக்கும். ஆவியைப் பிடித்து உறையவைக்கும் பகுதியை நன்றாகக் குளிரவைத்து, எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும். மின்தடைக்கு மாற்று ஏற்பாடு இல்லாமல் தொடங்காதீர்கள். வைகாசி மாதத்தில் ஒரு நள்ளிரவு ஒரு மணி நேரம் மின்சாரம் நின்றதில், எங்கள் பன்னிரண்டு தட்டுகளும் உள்ளுக்குள் உருகி, காலையில் திறந்தபோது கருவாடு போலச் சுருங்கிக் கிடந்தன.

வெப்பம் முதலில், காரம் பிறகு

உலர்ந்து வெளியே வரும் பஞ்சு வெள்ளையாக, இலவம் பஞ்சு போல எடையற்று, பார்க்கவே மகிழ்ச்சி தரும். எங்கள் முதல் பஞ்சை அந்த மகிழ்ச்சியோடேயே சலைனில் போட்டோம். ஐந்து நிமிடத்தில் கஞ்சியாகிவிட்டது. காரணம் எளியது. பஞ்சு உலர்ந்தாலும் உள்ளே கைட்டோசான் அசெட்டேட் உப்பாகவே இருக்கிறது. நீர் பட்டதும் அது கரைகிறது. ஜெலட்டினும் வெதுவெதுப்பில் கூடவே கரைகிறது. இரத்தத்தை நிறுத்தும் கட்டுகளில் இந்த அமில வடிவத்தை வேண்டுமென்றே விட்டுவைப்பதுண்டு. 2000-களில் அமெரிக்கப் போர்வீரர்களுக்குக் கொடுக்கப்பட்ட கைட்டோசான் கட்டுகள் அந்த வகை. நாள்கணக்கில் புண்ணில் இருக்க வேண்டிய பஞ்சுக்கு அது ஆகாது.

எனவே, முதலில் வெப்பப் பிணைப்பு. முழுவதும் உலர்ந்த பஞ்சை வெற்றிட அடுப்பில் 105 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தால், சங்கிலிகளுக்கிடையே நீர் நீங்கிப் பிணைப்புகள் உண்டாகின்றன. வேதிப்பொருள் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. சிறிது ஈரம் மிச்சமிருந்தாலும் அந்த வெப்பத்தில் ஜெலட்டின் உருகித் துளை அடைபட்டுவிடும். அடுத்து, 0.1 மோலார் காஸ்டிக் சோடாவை 80% எத்தனாலில் கரைத்து, அதில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். வெறும் நீரில் கரைத்த காரத்தில் போட்டால், அமிலம் போவதற்குள் பஞ்சு உப்பித் துளைகள் சிதையும். எத்தனால் அதைத் தடுக்கிறது. பிறகு எத்தனாலின் அளவைப் படிப்படியாகக் குறைத்துக் கழுவி, கடைசியில் குளிர்ந்த வடிநீரில், கழுவிய நீரின் பி.எச். 7-க்கும் 7.4-க்கும் இடையே நிலைக்கும் வரை அலசி, மீண்டும் உறையவைத்து உலர்த்துங்கள். இரண்டாம் உலர்த்தல் வேலையை இரட்டிப்பாக்கும் என்பது உண்மை. அதைத் தவிர்க்க நான் எந்தக் குறுக்கு வழியும் சொல்ல மாட்டேன்.

வேதிப்பொருளால் பிணைப்பதும் உண்டு. அவற்றில் குளூட்டரால்டிகைடு மலிவானது, வேகமாகப் பிணைக்கும். எஞ்சி நிற்கும் துளியும் செல்லைக் கொல்லும். புண்ணில் வைக்கும் பொருளுக்கு நான் அதை ஏற்பதில்லை. ஜெனிபின் அதைவிடப் பல மடங்கு மென்மையானது. ஆனால் பஞ்சை அடர்நீலமாக்கிவிடும். சூடோமோனாஸ் என்ற கிருமியின் தொற்று வந்தால் கட்டில் பச்சை நிறம் தெரியும். செவிலியர் முதலில் அதைத்தான் பார்ப்பார். நீலப் பஞ்சு அந்த எச்சரிக்கையை மறைத்துவிடும்.

மருந்து சேர்ப்பதைப் பற்றி

வயலில் கை வெட்டிக்கொண்டால் வரப்போரத்து வெட்டுக்காயப் பூண்டின் இலையைக் கசக்கிப் பிழிந்து விடுவது இன்றும் நம் ஊர் வழக்கம். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஊமத்தை இலைச்சாறும் தேங்காய் எண்ணெயும் மயில்துத்தமும் சேர்ந்த மத்தன் தைலம் புண்ணுக்குச் சித்த மருத்துவர்கள் தரும் மருந்துகளில் ஒன்று. இவற்றைப் பஞ்சில் ஏற்றிப் பார்க்க விரும்புவது இயல்பு, ஆய்வுக்கும் தகுதியானது. ஆனால் எண்ணெய் துளைச் சுவரில் படிந்தால் பஞ்சு நீரை உறிஞ்சாது. மயில்துத்தத்தின் செம்பு அளவுக்கு மீறினால் கிருமியோடு புதுத்தோல் செல்லும் சாகும். வெள்ளி நானோ துகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இலைச்சாறு அறுவடைக்கு அறுவடை மாறும். ஆகவே வெறும் பஞ்சை முதலில் நிறைவு செய்யுங்கள். பிறகு ஒரே ஒரு பொருளைச் சேர்த்து, சேர்த்த பஞ்சையும் சேர்க்காத பஞ்சையும் அருகருகே வைத்துச் சோதியுங்கள்.

கைட்டோசானே கிருமிகொல்லி என்று எழுதிவிடுபவர்களுக்கும் ஒரு சொல். அதன் நேர்மின்னூட்டம் பி.எச். 6.5-க்குக் கீழேதான் வலுவாக நிற்கும். ஆறாப் புண்ணின் மேற்பரப்போ காரத்தன்மையுடையது என்று முன்னே சொன்னேன். அமில ஊடகத்தில் பெற்ற நல்ல முடிவைப் புண்ணுக்கு அப்படியே பொருத்திச் சொல்வது நோயாளிக்குச் செய்யும் தீங்கு.

ஆய்வகச் சோதனைகள்

உறிஞ்சும் அளவுக்கு, வெறும் நீரில் சோதிக்காமல், லிட்டருக்கு 8.298 கிராம் சோடியம் குளோரைடும் 0.368 கிராம் நீரேறிய கால்சியம் குளோரைடும் கரைத்த நீரை 37 டிகிரியில் பயன்படுத்துங்கள். காயக்கட்டுகளுக்கான ஐரோப்பியத் தரநிலை கேட்பது இதைத்தான். நனைந்த பஞ்சை வடிதாளில் ஒற்றி எடுக்காதீர்கள். ஒற்றினால் துளைநீர் வெளியேறிவிடும். இடுக்கியால் ஒரு மூலையைப் பிடித்து 30 விநாடி சொட்டவிட்டு எடை போடுங்கள். அதோடு, 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் எவ்வளவு நீர் பஞ்சிலேயே நிற்கிறது என்றும் பாருங்கள். அழுத்திக் கட்டும் சுற்றுத்துணியின் கீழே பஞ்சு படும் அழுத்தம் ஏறத்தாழ அது.

நீராவி கடக்கும் வேகம் எனக்கு மிக முக்கியமான சோதனை. நல்ல தோலில் ஒரு நாளில் ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவில் நீர் ஆவியாகிறது. திறந்த புதுத்தசைப் புண்ணில் அது 5,000 கிராமைத் தாண்டும். கட்டு 2,000 முதல் 2,500 கிராம் வரை விட்டால் புண் ஈரமாகவும் இருக்கும், ஊறியும் போகாது. செய்முறை எளிது: வாய்ப்பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் உள்ள குப்பியில் நீர் ஊற்றி, வாயில் கட்டைப் பொருத்தி, 37 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து எடை போடுங்கள். 2.2 கிராம் குறைந்திருந்தால் வேகம் 2,200 என்று பொருள். தனிப் பஞ்சு இந்த எல்லையைப் பெரும்பாலும் தாண்டிவிடும். மேலே ஒரு மெல்லிய பாலியூரித்தேன் படலம் வைத்தால் சரியாகும்.

செல் நச்சுத்தன்மைக்கு எலியின் எல்929 செல்லில் பஞ்சின் சாற்றைச் சோதிப்பது வழக்கம். உயிருள்ள செல் 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் நச்சு என்று கொள்வார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பஞ்சு செல் ஊடகத்தையே உறிஞ்சிவிடுவதால், அது குடிக்கும் அளவைத் தனியே கண்டு, அந்த அளவு ஊடகத்தைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு, கிருமி வளர்க்கும் தட்டில் பஞ்சைச் சுற்றிக் கிருமியற்ற வளையம் விழுகிறதா என்று மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். கைட்டோசான் ஊடகத்தில் பரவாது. வளையம் விழாமலே அது வேலை செய்யக்கூடும். ஸ்டெஃபிலோகாக்கஸ், சூடோமோனாஸ் இரண்டையும் பஞ்சோடு சேர்த்து வைத்து, எஞ்சிய கிருமிக் கூட்டங்களை எண்ணுவதே நம்பத்தக்கது. இரத்த அணுச் சிதைவு 5 விழுக்காட்டைத் தாண்டினால் அந்தப் பஞ்சை ஒதுக்கிவிடுங்கள்.

இந்தச் சோதனைகளையெல்லாம் கிருமி நீக்கிய பஞ்சில் மறுபடியும் செய்தாக வேண்டும். 121 டிகிரி நீராவியில் பஞ்சு சுருங்கிவிடும். 25 கிலோகிரே காமாக் கதிர் கைட்டோசான் சங்கிலியை வெட்டிக் குட்டையாக்கும். பஞ்சு விரைவாகச் சிதையும். எத்திலீன் ஆக்சைடு வாயு வடிவத்தைக் கெடுக்காது. ஆனால் எஞ்சிய வாயு போகப் போதிய நாள் காற்றாட விட்டு, அளவைச் சோதிக்க வேண்டும். நான் வாயுவைத்தான் தேர்வேன்.

விலங்கு, மனிதர், உரிமம்

எலியின் தோலுக்கடியில் ஒரு மெல்லிய தசைப் படலம் உண்டு; அதனால் எலியின் புண் பெரும்பாலும் சுருங்கி மூடும். மனிதப் புண்ணோ புதுத்தசை நிரம்பி ஆறும். காயத்தைச் சுற்றிச் சிலிக்கோன் வளையம் தைத்துச் சுருங்காமல் தடுத்துச் செய்யும் சோதனையே பொருளுள்ளது. ஒப்பீட்டுக்கு வெறும் புண்ணோடு, காஸ் துணியும், சந்தையில் உள்ள ஒரு நல்ல கட்டும் இருக்க வேண்டும். விலங்குச் சோதனைக்கான அரசுக் குழுவின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். ஓர் உயிரையும் வீணாக்காத அளவுக்குத் திட்டம் தெளிவாக இருந்தால்தான் அதைக் கேட்கவே நமக்குத் தகுதி உண்டு.

உயிரியல் ஒத்திசைவுச் சோதனைகளுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் பூஜப்புரைப் பிரிவு நமக்கு ரயிலில் போய் வரக்கூடிய தூரத்தில் இருக்கிறது. கொலாஜன் பற்றி வழிகாட்டச் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் எல்லாக் கருவிகளையும் அபாய அளவுப்படி ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரிக்கின்றன. ஏ, பி வகுப்புத் தயாரிப்புக்கு மாநில அதிகாரியிடமும், சி, டி வகுப்புக்கு மத்திய அதிகாரியிடமும் உரிமம் பெற வேண்டும். பஞ்சில் மருந்தைச் சேர்த்தாலோ, அது உடலில் கரைந்து மறைவதாக இருந்தாலோ மேல் வகுப்புக்குப் போகும். செலவும் காலமும் பெருகும். வெறும் பஞ்சை முதலில் நிறைவு செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மனிதரிடம் சோதிக்க நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்பதிவும் கட்டாயம். சர்க்கரைப் புண்ணில், முதல் நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறைகிறதா என்பது நல்ல அளவுகோல். பஞ்சு வைத்த குழுவுக்கும் வேறு கட்டு வைத்த குழுவுக்கும் ஒரே வகை எம்.சி.ஆர். (மென்மையான நுண்ணறை ரப்பர்) செருப்பைக் கொடுத்துப் பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், எந்தக் கட்டு வென்றது என்று உங்களால் சொல்லவே முடியாது. அழுந்திக்கொண்டே இருக்கும் புண்ணை எந்தக் கட்டும் ஆற்றாது.

உறையும் இருப்பும்

பாளையங்கோட்டைக் கோடையில் ஓடு வேய்ந்த மருந்து அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். ஐப்பசியில் சுவரே வியர்க்கும். கைட்டோசான் ஈரத்தை இழுத்து, நாளடைவில் மஞ்சளித்து, மொறுமொறுப்பாகிவிடும். வாயுவால் கிருமி நீக்க, காகித முகம் கொண்ட உறை வேண்டும். வாயு உள்ளே போய் வெளியே வர அதுவே வழி. காற்றாட விட்ட பின், அந்த உறையைச் சிலிக்கா ஜெல்லோடு அலுமினியத் தாள் உறைக்குள் இட்டு மூடுங்கள். 40 டிகிரி, 75% ஈரப்பதத்தில் ஆறு மாதம் வைத்து, மாதந்தோறும் ஓர் உறையைப் பிரித்து உறிஞ்சும் அளவையும் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உறையின் மேல் தமிழில், பெரிய எழுத்தில், எந்தப் பக்கம் புண்ணைத் தொட வேண்டும் என்று அச்சிடுங்கள். கையுறை போட்ட விரலுக்குப் பிடி கிடைக்கும்படி ஒரு மூலையில் படலத்தை அரை அங்குலம் நீட்டிவிடுங்கள். பின்னர் முதல் பத்துக் கட்டுகளை எடுத்துக்கொண்டு, தொடங்கிய அறைக்கே திரும்பிப் போய், கழற்றும் நேரத்தில் அருகே நில்லுங்கள். சலைன் ஊற்ற வேண்டியிருந்ததா, எத்தனை மில்லி, பஞ்சு முழுதாக வந்ததா, அடிப்பக்கத்தில் சிவப்பு இழை ஏதும் ஒட்டியிருந்ததா, படுத்திருப்பவர் முகம் சுளித்தாரா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த தட்டை எத்தனை டிகிரியில் உறைய வைப்பது என்பதை அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.